ஒரு படம் ஓடினால் அதில் நடித்தவர்களுக்கு என்ன வரும்? கிளிநொச்சித் தம்பி ஒருவரின் கேள்விக்குப் பதில்

கிளிநொச்சியிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "டூரிஸ்ட் ஃபேமிலி ஓடினதோட அதில நடிச்ச ஆக்களுக்கெல்லாம் மார்க்கெட் ஏறிட்டுது எண்டு கதைக்கினம். நாங்களும் இஞ்ச ஒரு முழுநீளப் படம் எடுத்து முடிச்சிட்டம். எனக்கு ரெண்டாவது முக்கியமான பாத்திரம். படம் ஓடினா எங்களுக்கும் அப்பிடி வருமோ? போன் கடை வேலையை இப்பவே விடலாமோ?" தம்பி, நீங்கள் படத்தைப் பற்றிக் கேட்பது போலத் தெரிந்தாலும், உண்மையில் கேட்பது கடைசி வரியைத்தான். அதற்கு நேரான பதில்: இப்போது விடாதீர்கள். எப்போது விடலாம் என்பதற்கும், படம் ஓடினால் உங்கள் பக்கம் எது வரும், எது வராது என்பதற்கும் கொஞ்சம் நீளமாகத்தான் எழுதவேண்டும்.

நடிகர் தெரிவு என்பது வெளியில் நினைப்பது போலத் திறமைப் போட்டி மட்டும் இல்லை. ஒரு பாத்திரத்துக்கு ஆள் தேடும்போது உதவி இயக்குநர்கள் பத்துப் பதினைந்து பேரின் படங்களையும் சின்னக் காணொளிகளையும் கொண்டுவந்து காட்டுவார்கள். இயக்குநருக்கு ஒருவரைப் பிடித்துப்போகும். பிறகு காசு போடுகிறவர் கேட்பார்: "ஆர் இது? எதில நடிச்சவர்?" அந்தக் கேள்விக்குப் பின்னால் இருப்பது பயம். புதிய ஆளுக்கு வசனம் வராமல் பதினைந்து டேக் போனால் கமரா வாடகை, லைட் வாடகை, ஜெனரேட்டர் எண்ணெய், நாற்பது ஐம்பது பேரின் சாப்பாடு, நாட்சம்பளம் எல்லாம் அவர் தலையில்தான் விழும். நடுவில் ஆள் மாறினால் எடுத்த காட்சிகள் எல்லாவற்றையும் திரும்ப எடுக்கவேண்டும். "அந்தப் படத்தில வந்தாரே, அவர்தான்" என்று ஒரு வசனத்தில் பதில் சொல்ல முடிந்தால் அந்தப் பயம் பாதியாகக் குறைகிறது. ஓடிய படம் ஒன்று நடிகருக்குச் செய்யும் முதல் உதவி இதுதான். அவரைக் கூப்பிட யோசிப்பவரின் பயத்தை அது குறைத்துவிடுகிறது. சம்பளம், பெயர், பேட்டி எல்லாம் அதற்குப் பிறகு வருபவை.

ஆனபடியால், படம் ஓடியதா என்பதோடு, அந்தப் படத்திலிருந்து உங்களை ஒரு வசனத்தில் அடையாளம் சொல்ல முடிகிறதா என்பதும் பெரிய விஷயம். 2009இல் வந்த 'வெண்ணிலா கபடிக் குழு'வை எடுத்துப் பாருங்கள். அதில் விஷ்ணு விஷால் கதாநாயகன், அவருக்கு அது முதல் படம். சூரிக்கு நண்பர்களில் ஒருவர் என்ற அளவில்தான் பாத்திரம். அதற்கு முன் பல வருடம் கூட்டத்தில் ஒருவராக வந்து போனவர். அந்தப் படத்தில் அவர் பரோட்டாப் போட்டியில் இருந்து சாப்பிடும் காட்சி ஒன்று உண்டு. கடைக்காரர் எண்ணிக்கையில் ஏமாற்றப் பார்க்கிறார். போட்ட கோடுகளை எல்லாம் அழித்துவிட்டு முதலிலிருந்து சாப்பிடுகிறேன் என்று அவர் சொல்ல, கடைக்காரரின் முகம் மாறுகிறது. அந்தக் காட்சியை நடிப்புப் பாடமாகத் திரும்பப் பாருங்கள். கமரா அவர் முகத்தில் நேரம் எடுத்து நிற்கிறது. குரல் அவருடையது. கையில் ஒரு வேலை இருக்கிறது. காட்சிக்குத் தொடக்கம், நடு, முடிவு என்று ஒரு குட்டிக் கதையே இருக்கிறது. படத்தின் மிச்சக் கதை தெரியாதவனுக்கும் அது தனியாகப் புரியும். அதனால் அது வாயிலிருந்து வாய்க்குப் போனது, ஆளின் பெயரே 'பரோட்டா சூரி' ஆனது. 2023இல் 'விடுதலை'யில் கதாநாயகனாக வரும்வரைக்கும் அவரைத் தாங்கிய அடித்தளம் அந்தச் சில நிமிடங்கள்தான்.

அதே படத்தில் கபடி ஆடும் ஆட்களில் இன்னொருவரும் இருந்தார்: விஜய் சேதுபதி. அந்தப் படம் ஓடியதால் அவருக்கு ஒன்றும் நடக்கவில்லை. அடுத்த வருடம் 'தென்மேற்குப் பருவக்காற்று' படத்தில் நாயகனானார். அந்தப் படம் தேசிய விருது வாங்கியது, அம்மாவாக நடித்த சரண்யா பொன்வண்ணனுக்கும் சிறந்த நடிகை விருது கிடைத்தது. நாயகனுக்கு அப்போதும் பெரிய அழைப்பு வரவில்லை. 2012இல் 'பீட்சா', 'நடுவுல கொஞ்சம் பக்கத்த காணோம்' என்று அடுத்தடுத்து வந்தபோதுதான் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். ஒரே படத்தில் நின்ற மூன்று பேருக்கு மூன்று விதமான வழி. இதைப் பார்த்த பிறகும் "படம் ஓடினால் நடித்தவர்களுக்கு வாழ்வு" என்று மொத்தமாகச் சொல்ல முடியாது.

இதில் எது உறுதி, எது ஊகம் என்று பிரித்துச் சொல்கிறேன். படம் ஓடினால் உங்களுக்கு வரும் அழைப்புகள் கூடும், இது உறுதி. வரும் அழைப்புகளில் பெரும்பாலானவை நீங்கள் ஏற்கனவே செய்த அதே மாதிரிப் பாத்திரத்துக்கு இருக்கும், இதுவும் உறுதி. கேட்கும் சம்பளத்தைக் கொஞ்சம் கூட்டலாம், அதையும் நம்பலாம். இந்த எழுச்சி எத்தனை காலம் நிற்கும் என்பதைத்தான் ஒருவராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. படம் உங்கள் நடிப்பால் ஓடியதா, கதையால் ஓடியதா, அந்தக் கிழமை வேறு படம் இல்லாததால் ஓடியதா என்பதையும் பிரித்து அளக்க முடியாது. இன்னொன்று, நாங்கள் கேள்விப்படுவதெல்லாம் ஏறினவர்களின் கதை. ஒரு படத்தில் பெயர் சொல்லக்கூடிய பாத்திரங்கள் முப்பது வரை வரும். அதில் இரண்டு மூன்று பேரைத்தான் உலகம் கையில் எடுத்துக்கொள்கிறது. மற்ற இருபத்தேழு பேரும் அடுத்த திங்கட்கிழமை வேலைக்குப் போயிருப்பார்கள். அவர்களைப் பற்றி ஒருவரும் பேட்டி போடுவதில்லை, அதனால் கணக்கு எப்போதும் அழகாகத் தெரிகிறது.

இனி உங்கள் கடை வேலை. இதற்கு நல்ல உதாரணம் மலையாளத்தில் இருக்கிறது. 2015இல் வந்த 'பிரேமம்' கேரளத்தில் மட்டுமல்ல, மொழி தெரியாத சென்னையிலும் மாதக்கணக்கில் ஓடியது. நிவின் பாலி முன்பே தெரிந்த முகம். சாய் பல்லவி, மடோனா செபாஸ்டியன், அனுபமா பரமேஸ்வரன் மூவருக்கும் கதாநாயகியாக அதுதான் தொடக்கம். மடோனா தமிழுக்கு வந்து அடுத்த வருடமே 'காதலும் கடந்து போகும்' செய்தார். அனுபமா பெரும்பாலும் தெலுங்குப் பக்கம் போனார். மலர் ரீச்சராக வந்து இளைஞர்களைப் பைத்தியமாக்கிய சாய் பல்லவியோ, அப்போது ஜோர்ஜியாவில் மருத்துவம் படித்துக்கொண்டிருந்தார். விடுமுறையில் வந்து நடித்தவர், படம் இவ்வளவு பெரிதாக ஓடிய பிறகும் படிப்பை விடவில்லை. 2016இல் அதை முடித்தார். இடையில் நடித்ததும் ஒரு படம்தான். 2017இல் தெலுங்கில் 'ஃபிதா' வந்தபோது அவருடைய இடம் அப்படியே இருந்தது. அழைப்பு உண்மையானதாக இருந்தால் கொஞ்ச நாள் பொறுக்கும். "இண்டைக்கே வேலையை விட்டிட்டு வா, இல்லாட்டி வேற ஆளைப் போடுவன்" என்று ஒருவர் சொன்னால், அவரிடம் பெரும்பாலும் காசும் இருக்காது, திட்டமும் இருக்காது.

அதற்காகச் சும்மா இருக்கவும் முடியாது, ஏனெனில் சூடு ஆறும். படம் வெளிவந்த முதல் மூன்று மாதம்தான் அழைப்புகள் நிறைய வரும். அதில் ஒன்றை ஒப்புக்கொண்டால் படப்பிடிப்பு தொடங்க இன்னும் நாலைந்து மாதம், படம் வெளியாக அதற்குப் பிறகு ஆறு மாதமோ ஒரு வருடமோ. ஆகவே முதல் படத்தின் பேரில் கிடைத்த நம்பிக்கையை வைத்து, ஒன்றரை வருடத்துக்குப் பிறகு வரப்போகும் இரண்டாவது படத்தை இப்போதே தெரிவு செய்கிறீர்கள். ஆட்கள் சறுக்குவது இந்த இடத்தில்தான். கையில் வந்த ஐந்தையும் ஒப்புக்கொண்டு, ஐந்திலும் அதே கோபக்காரத் தம்பியாக வந்து, சனம் சலித்துப்போகும். அல்லது ஒரே படத்துக்குத் தலைமுடி, தாடி வளர்த்து மாட்டிக்கொள்வார்கள். கார்த்திக்கு 2007இல் 'பருத்திவீரன்' அப்படி ஓடியும் அடுத்த படமான 'ஆயிரத்தில் ஒருவன்' 2010இல்தான் வந்தது. மூன்று வருட இடைவெளி. குடும்பத்தில் அப்பாவும் அண்ணாவும் நடிகர்களாக இருந்த ஒருவரால் அதைத் தாங்க முடிந்தது. வீட்டு வாடகை, லீசிங் கட்டுக்காசு என்று மாதம் முடிக்கும் எங்கள் பெடியன் ஒருவன் அதைத் தாங்கமாட்டான்.

'சேது' இன்னொரு பாடம். விக்ரம் 1990இலேயே நடிக்க வந்தவர். ஒன்றும் சரிவராத காலத்தில் மற்ற நடிகர்களுக்குப் பின்னணிக் குரல் கொடுத்துக்கொண்டு தொழிலுக்குள்ளேயே நின்றார். 'சேது' எடுத்து முடித்தும் வாங்க ஆள் இல்லாமல் கிடந்து, 1999 கடைசியில் வெளிவந்து, பார்த்தவர்கள் சொல்லிச் சொல்லி ஓடியது. அதற்குப் பிறகு அவர் எங்கே போனார் என்பது எல்லாருக்கும் தெரியும். அதே படத்தில் கதாநாயகியாக நடித்த அபிதாவுக்குச் சினிமாவில் அப்படி ஒன்றும் அமையவில்லை. அவரை எங்கள் வீடுகளில் தெரியவைத்தது பல வருடம் கழித்துச் சன் ரிவியில் வந்த 'திருமதி செல்வம்' தொடர். கதாநாயகனின் படம் ஓடினால் அவனுடைய அடுத்த படத்துக்கு விநியோகஸ்தர் முன்பணம் தருவார், தொலைக்காட்சி உரிமைக்கு விலை பேசுவார்கள். கதாநாயகிக்கு அந்தக் கணக்குப் பெரும்பாலும் கிடைப்பதில்லை. இது நியாயம் இல்லை, ஆனால் நடைமுறை இதுதான். உங்கள் படத்தில் நடித்த பெண்பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லிவையுங்கள். அவர்களுக்கு ஏமாற்றமும் இரண்டு மடங்காக வரும், "ஊர் என்ன சொல்லும்" என்ற பாரமும் சேர்ந்து வரும்.

குரலைப் பற்றிக் கட்டாயம் சொல்லவேண்டும், எங்கள் ஆட்கள் இதில்தான் அதிகம் இழக்கிறார்கள். 2011இல் வந்த 'ஆடுகளம்' படத்தில் பேட்டைக்காரனாக நடித்த வ.ஐ.ச. ஜெயபாலன் எங்கள் கவிஞர். தேசிய விருதில் சிறப்புப் பாராட்டு வாங்கினார். ஆனால் திரையில் கேட்ட குரல் ராதாரவியுடையது. மதுரைச் சேவற்கட்டுக்காரனுக்கு எங்கள் பேச்சு ஒத்துவராது என்பது விளங்கக்கூடியதுதான். என்றாலும் ஒரு நடிகனின் பாதி குரல். 'கைதி'யில் அர்ஜுன் தாஸுக்குத் திருப்பம் வந்ததற்கு அந்தக் குரல் எவ்வளவு காரணம் என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். மறுபக்கம் 'தீபன்' என்ற பிரெஞ்சுப் படம். அல்லைப்பிட்டியில் பிறந்த எழுத்தாளர் ஷோபாசக்தி அதில் தன் சொந்தக் குரலில், சொந்தத் தமிழில் நடித்தார். 2015இல் கான் விழாவில் அந்தப் படத்துக்குத் தங்கப்பனை கிடைத்தது. இந்த இரண்டு பேரும் படத்துக்குப் பிறகும் எழுத்தை விட்டுவிட்டுப் போகவில்லை என்பதையும் கவனியுங்கள். உங்கள் படத்தில் உங்கள் குரலை நீங்களே பேசுங்கள். "நேரம் இல்லை, ஆரையாவது வைச்சுப் பேசிவிடுறம்" என்று சொன்னால் சம்பளத்தைக் குறைத்தாலும் பரவாயில்லை, அதை விட்டுக்கொடுக்காதீர்கள்.

ஈழத்துப் பேச்சுக்குத் தமிழகத்தில் தேவை இல்லாமலும் இல்லை. 2000இல் 'தெனாலி'யில் கமல்ஹாசன் பேசினார், 2025இல் 'டூரிஸ்ட் ஃபேமிலி'யில் சசிகுமாரும் சிம்ரனும் பேசினார்கள். கவனிக்கவேண்டியது, ஈழத்துப் பாத்திரம் என்றாலும் நடித்தவர்கள் தமிழகத்தில் முன்பே தெரிந்த முகங்கள். முதலில் சொன்ன அதே பயக் கணக்குத்தான். அந்தப் படத்தால் சசிகுமாருக்கு ஒரு புது வட்டம் கிடைத்தது, இயக்கிய அபிஷன் ஜீவிந்த் அடுத்து தானே கதாநாயகனாக இறங்கினார். எங்கள் பிள்ளைகளுக்கு அதிலிருந்து நேரடியாக ஒன்றும் சொட்டவில்லை. ஆனால் இப்படிப் படங்கள் வரும்போது "வாறன்", "செய்யிறியள்", "எண்டு" எல்லாம் சரியான இடத்தில் விழ, நடிகருக்குப் பக்கத்தில் இருந்து சொல்லிக்கொடுக்க ஆள் தேவை. வன்னிப் பேச்சுக்கும் யாழ்ப்பாணப் பேச்சுக்கும் மட்டக்களப்புப் பேச்சுக்கும் வித்தியாசம் காட்டத் தெரிந்த நடிகருக்கு அது ஒரு நுழைவாசல். சின்னதுதான், ஆனால் உண்மையானது.

இனி எங்கள் ஊர் அளவுக்கு வருவோம். இங்கே "படம் ஓடியது" என்பதற்கு அர்த்தமே வேறு. வவுனியாவிலும் யாழ்ப்பாணத்திலும் சில சிறப்புக் காட்சிகள், கிளிநொச்சியில் ஒரு மண்டபம், பிறகு ரொறன்ரோ, லண்டன், பாரிஸ் என்று புலம்பெயர்ந்தவர்கள் ஒழுங்கு செய்யும் காட்சிகள். அதில் போட்ட காசு திரும்பினாலே பெரிய வெற்றி. அதனால் அடுத்த தயாரிப்பாளர் வரிசையில் நிற்பார் என்று எதிர்பார்க்கக் கூடாது, நிற்க ஆள் குறைவு. யூரியூப்பில் பத்து இலட்சம் பேர் பார்த்தார்கள் என்பதும், ஆயிரம் பேர் ரிக்கெற் எடுத்துப் பார்த்தார்கள் என்பதும் ஒன்றல்ல. காசு போடுகிறவர் இரண்டாவதைத்தான் நம்புவார். ஆனால் இந்த அளவிலும் ஒரு நல்ல படம் கொண்டுவரும் வேலைகள் உண்டு: பாடல் காணொளிகள், கடை விளம்பரங்கள், வானொலி நாடகக் குரல், நிகழ்ச்சித் தொகுப்பு, தொண்டு நிறுவனங்களின் விழிப்புணர்வு நாடகங்கள், கொழும்புத் தமிழ் அலைவரிசைகளின் தொடர்கள். இவற்றை நடிப்பு இல்லை என்று தள்ளாதீர்கள். மாதாமாதம் கமராவுக்கு முன்னால் நிற்கவைப்பது இவைதான்.

சிங்களத் திரையுலகத்தையும் எங்கள் ஆட்கள் ஏனோ கணக்கில் எடுப்பதில்லை. இரத்தினபுரி மாவட்டத்து ரக்வானையில் பிறந்த தர்ஷன் தர்மராஜ் சிங்களப் படங்களிலும் தொலைக்காட்சியிலும் நிலைத்த இடம் பிடித்தவர். 2012இல் அசோக ஹந்தகம இயக்கிய 'இனி அவன்' முழுக்க முழுக்கத் தமிழ்ப் படம், அதில் அவர்தான் நாயகன். 2022இல் இளவயதிலேயே இறந்துபோனார், பெரிய இழப்பு. அவருடைய வழி எங்களுக்குச் சொல்வது தெளிவானது: இரண்டு மொழியும் வாயில் இருந்தால் இந்தச் சின்னத் தீவுக்குள்ளேயே வேலை இரட்டிப்பாகும். பேச்சுச் சிங்களம் சரளமாக வர ஒரு வருடம் ஒதுக்குங்கள். சென்னைக்கு ரிக்கெற் போடுவதைவிட அது மலிவு.

சென்னை என்று வந்ததால் அதையும் சொல்லிவிடுகிறேன். சுற்றுலா விசாவில் போய்க் காசு வாங்கி நடிக்க முடியாது. பிடிபட்டால் திருப்பி அனுப்பப்படுவதோடு பிறகு விசா எடுப்பதும் சிக்கலாகும். முறையான நிறுவனம் என்றால் அதற்கான விசாக் கடிதத்தை அவர்களே தருவார்கள். அங்கே நடிகர்களுக்கும் பின்னணிக் குரல் கொடுப்பவர்களுக்கும் தனித்தனிச் சங்கங்கள் உண்டு, உறுப்பினர் அட்டை இல்லாதவரை வேலைக்கு எடுப்பதில் கட்டுப்பாடு இருக்கிறது. அதைத் தயாரிப்பாளர்தான் ஒழுங்கு செய்யவேண்டும். "பதிவுக் கட்டணம்", "போட்டோசூட் காசு", "கோடினேற்றருக்குக் கொமிசன்" என்று நடிகரிடம் காசு கேட்கும் எந்த இடத்திலும் படம் இல்லை. இதற்கு நான் விதிவிலக்கே சொல்லமாட்டேன். பெண்பிள்ளைகளை ஹோட்டல் அறைக்குக் கூப்பிட்டு நடிகர் தெரிவு வைப்பதும் அப்படித்தான். தெரிவு அலுவலகத்தில் பகலில் நடக்கும், கூட ஒருவர் வரலாம்.

காசு விஷயத்தில், இங்கே பெரும்பாலான படங்கள் வாய்ப்பேச்சில் நடக்கின்றன. ஒரே ஒரு தாள் போதும், ஆனால் எழுத்தில் இருக்கவேண்டும்: எத்தனை நாள் படப்பிடிப்பு, நாள் கூடினால் நாளுக்கு எவ்வளவு, போக்குவரத்தும் சாப்பாடும் யார் பொறுப்பு, பெயர் திரையில் எப்படி வரும், உங்கள் காட்சித் துண்டுகளை உங்கள் தொழில் அறிமுகத்துக்குப் பாவிக்க அனுமதி, அந்தக் காலத்தில் வேறு வேலை செய்யலாமா என்பது. சம்பளத்தை மூன்றாகப் பிரியுங்கள்: கையெழுத்தில் ஒரு பங்கு, படப்பிடிப்பின் நடுவில் ஒரு பங்கு, மிச்சம் முழுதும் குரல் பதிவுக்கு முன். குரல் பதிவுக்குப் பிறகு உங்களிடம் கேட்க அவர்களுக்கு ஒன்றும் மிச்சம் இருக்காது, உங்கள் பாக்கியும் அதோடு மறந்துபோகும். சென்னையில் பெரிய நடிகர்களும் இந்த இடத்தில்தான் கணக்கைத் தீர்க்கிறார்கள். "ரெண்டு வருசத்துக்கு எங்களோட மட்டும்தான் நடிக்கவேணும்" என்ற வரி வந்தால், அந்த இரண்டு வருடத்துக்கும் மாதச் சம்பளம் எழுதச் சொல்லுங்கள். எழுதமாட்டார்கள், வரியை வெட்டிவிடுவார்கள்.

படம் வெளிவருமுன் நீங்கள் செய்யவேண்டிய வேலை ஒன்று உண்டு, அதை ஆட்கள் படம் ஓடிய பிறகுதான் தொடங்குகிறார்கள், அதற்குள் சூடு ஆறிவிடும். ஒன்றரை நிமிடத்துக்கு ஒரு அறிமுகக் காணொளி. பாட்டு, மெதுவாக நடந்து வரும் காட்சி, கறுப்புக் கண்ணாடி ஒன்றும் வேண்டாம். முதல் பத்து விநாடிக்குள் உங்கள் முகம் கிட்டத்தில், பேசிக்கொண்டு வரவேண்டும். ஒன்றுக்கொன்று மாறான இரண்டு காட்சி, அதில் ஒன்று கோபம் என்றால் மற்றது அடக்கம். கடைசியில் பெயர், தொலைபேசி எண், உயரம், பேசும் மொழிகள். வட்ஸ்அப்பில் காணொளியாக அனுப்பினால் தரம் உடைந்துவிடும். டொக்கியுமென்ராக அனுப்புங்கள், அல்லது யூரியூப்பில் இணைப்பு உள்ளவர்கள் மட்டும் பார்க்கும்படி ஏற்றி இணைப்பைக் கொடுங்கள்.

அழைப்பு வந்தால் பெரும்பாலும் வீட்டிலிருந்தே ஒரு காட்சியை நடித்து அனுப்பச் சொல்வார்கள். போனைக் கண் உயரத்தில், கிடையாக நிறுத்துங்கள். யன்னல் உங்களுக்கு முன்னால் இருக்கட்டும், பின்னால் இருந்தால் முகம் கறுத்துவிடும். வெறும் சுவர், இடுப்புக்கு மேலே தெரியும் தூரம். எதிர் வசனம் சொல்பவர் போனுக்குப் பக்கத்தில் ஒட்டி நிற்கவேண்டும், அவர் கதவடியில் நின்றால் உங்கள் பார்வை ஓடிவிடும். எங்கள் வீடுகளில் வில்லங்கம் சத்தத்தில்தான். தகரக்கூரையில் மழை, மின்விசிறி, ஒழுங்கையால் போகும் லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரம் எல்லாம் வசனத்தை விழுங்கிவிடும். விடிய வெளிச்சம் வந்த கையோடு, விசிறியை நிற்பாட்டி, போனுக்குப் பின்னால் கொடியில் இரண்டு போர்வையைத் தொங்கவிட்டு எடுத்தால் எதிரொலி அடங்கும். மூன்று தரம் எடுத்து நல்ல ஒன்றை மட்டும் அனுப்புங்கள்.

முள்ளியவளைப் பக்கத்துக் கோவலன் கூத்திலோ காத்தவராயன் கூத்திலோ ஆடிப் பழகியவர்களுக்கு ஒரு தனிச் சொல். விடியவிடிய ஆடும் மூச்சும், பாட்டும் வசனமும் மனதில் நிற்கும் ஞாபகமும் எந்த நடிப்புப் பள்ளியிலும் கிடைக்காத சொத்து. ஆனால் வட்டக்களரியின் கடைசி ஆளுக்குக் கேட்கப் பழகிய குரல், முகத்துக்கு இரண்டடியில் நிற்கும் கமராவுக்கு அதட்டலாக விழும். புருவத்தையும் கையையும் பாதியாக்கி, மூச்சை மட்டும் அப்படியே வைத்துப் பாருங்கள். ஒரு மாதம் போனில் எடுத்துப் பார்த்தாலே வித்தியாசம் பிடிபடும்.

வேலையை எப்போது விடலாம்? முன்பணம் கைக்கு வந்த, எழுத்தில் உள்ள இரண்டு படங்களோ தொடர்களோ கையில் இருக்கவேண்டும். அதோடு ஒரு வருட வீட்டுச் செலவு வங்கியில் இருக்கவேண்டும். இரண்டும் சேர்ந்தால் விடுங்கள். அதுவரைக்கும் முதலாளியிடம் சம்பளமில்லா லீவு கேளுங்கள். உள்ளூர்ப் படம் ஒன்றுக்குத் துணைப் பாத்திரத்துக்குப் பொதுவாக ஐந்தாறு நாள்தான் தேவைப்படும், முக்கிய பாத்திரத்துக்கு இருபதுக்கு மேல் போகும். போன் கடையில் ஒரு மாத லீவைச் சமாளிக்க ஆள் பிடிக்கலாம், ஒரு வருடம் வெறுங்கையோடு இருப்பதைச் சமாளிக்க ஆள் பிடிக்க முடியாது.

உங்கள் படத்தில் தங்கச்சியாக ஒரு சின்னப்பிள்ளை நடித்திருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். மாங்குளம் என்ற பெயரைத் தமிழகத்து வீடுகளுக்குள் கொண்டுபோன 'கன்னத்தில் முத்தமிட்டால்' (2002), இந்தியாவில் எடுக்கப்பட்ட படம். அதில் நடித்த கீர்த்தனா சிறந்த குழந்தை நட்சத்திரத்துக்கான தேசிய விருது வாங்கினார். அதற்குப் பிறகு அவர் நடிக்கவில்லை, கமராவுக்குப் பின்னால் உதவி இயக்குநராக வேலை செய்தார். பிள்ளைகளுக்கு முகமும் குரலும் இரண்டே வருடத்தில் மாறிவிடும், படம் கொண்டுவந்த அடையாளம் அதோடு கரைந்துவிடும். ஆகவே அந்தப் பிள்ளையின் பெற்றோருக்கு "படம் ஓடினா உங்கட பிள்ளை ஹீரோயின்" என்று ஒருவரும் சொல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பள்ளிக்கூடத்தில் இரண்டு நாள் கைதட்டு, பிறகு வழமையான பரீட்சை, அவ்வளவு போதும் அந்த வயதுக்கு.

கடைசியாக ஒன்று, இதை இந்தக் கிழமையே செய்யுங்கள். படத்தொகுப்பாளரிடம் போய், இறுதியில் ஓடும் பெயர்ப் பட்டியலைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். உங்கள் பெயர் நீங்கள் பேஸ்புக்கிலும் யூரியூப்பிலும் எழுதும் அதே எழுத்தில், பாத்திரத்தின் பெயரோடு இருக்கிறதா என்று பாருங்கள். படம் பார்த்துப் பிடித்துப்போன ஒருவர் இரவு வீட்டுக்குப் போய்த் தேடும்போது தட்டப்போவது அந்த எழுத்துகளைத்தான். திரையரங்குக்கு அனுப்பும் டிசிபி கோப்பை எடுத்துவிட்டால் ஒரு எழுத்தை மாற்றவும் அதைத் திரும்ப எடுத்து, எல்லா இடத்துக்கும் புதுப் பிரதி அனுப்பவேண்டும். அந்தச் செலவை உங்களுக்காக ஒருவரும் ஏற்கமாட்டார்கள்.